பெற்றோர் ஆசிரியர் கழகம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–2025

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களுக்கும், ஆசிரியப் பெருமக்களுக்கும், வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் பெற்றோர்களுக்கும் வணக்கம்.

சுதந்திர தினம், குழந்தைகள் தினம், குடியரசு தினம், ஆண்டு விழா வழக்கம்போல் நடந்தன. செயற்குழுக் கூட்டம் இருமுறை, போதிய உறுப்பினர்கள் வராததால் தள்ளிவைக்கப்பட்டது.

பத்தாம் வகுப்பு முடிவு மே 16 அன்று வந்தது. மாநிலத் தேர்ச்சி 93.80 சதவீதம், நம் பள்ளி அதற்குக் கீழே. இதை டீக்கடையில் பேசுகிறவர்கள் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். 25 பேர் எழுதினால் ஒரு பிள்ளை தவறினாலே 4 சதவீதம் போய்விடும். தவறியவர்கள் அனைவரும் பொங்கல் முடிந்த கையோடு பெற்றோருடன் செங்கல் சூளைக்குப் போய், தேர்வு நெருங்கும்போது திரும்பியவர்கள். திருப்புதல் தேர்வு ஒன்றைக்கூட எழுதாதவர்கள். வருகைப் பதிவேட்டில் அந்தப் பெயர்களுக்கு நேரே பிப்ரவரி முழுவதும் சிவப்பு மைதான். முன்பணம் வாங்கிய குடும்பம் பிள்ளையை யாரிடம் விட்டுப் போகும்?

வசதியுள்ளவர்கள் பையனை வேன் ஏற்றி மெட்ரிக் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். பெண்ணை இங்கே சேர்க்கிறார்கள். எட்டாம் வகுப்பில் பையன்கள் பக்கம் பெஞ்சு காலியாகக் கிடக்கிறது. அந்தப் பெண்கள்தான் நம் பெயரைக் காப்பாற்றுகிறார்கள். மாநில அளவிலும் மாணவியர் 95.88, மாணவர் 91.74 சதவீதம்.

நவம்பரில் நான் தொடங்கிய மாலை வகுப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கணக்கில் வடிவியலுக்கு 8, வரைபடத்துக்கு 8. தேர்ச்சிக்கு வேண்டிய 35-இல் 16 இங்கேயே கிடைத்துவிடும். ஒரு நாள் ஒரு பெண் வளையலை வைத்து வட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். வட்டம் வந்துவிட்டது, மையம் எங்கே என்று தெரியாமல், தொடுகோடு வரைய முடியாமல் பென்சிலைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். மறுநாளே எல்லோருக்கும் ஜியோமெட்ரி பாக்ஸ் வாங்கினேன். ஒப்புதல் இல்லாமல் எப்படி வாங்கலாம் என்று கேட்ட உறுப்பினர் இரண்டு ஆண்டுகளாகச் சந்தா கட்டவில்லை. ஒப்புதலுக்குக் காத்திருந்தால் தேர்வே முடிந்திருக்கும். வகுப்புக்குத் தொடர்ந்து வந்தவர்களில் ஒருவர்கூடக் கணக்கில் தவறவில்லை.

சந்தாவும் நன்கொடையும் செலவுக்குச் சரியாகிவிட்டன. சிறு தொகை கையிருப்பில் உள்ளது. விவரம் பொருளாளரிடம் இருக்கிறது. சந்தா பாக்கி வைத்திருப்பவர்களின் பெயரை இங்கே படிக்க எனக்கு மனமில்லை.

தலைமையாசிரியர், கணித ஆசிரியை, மாலையில் சுண்டல் அவித்துத் தந்த சத்துணவு உதவியாளர் ஆகியோருக்கு நன்றி.

வரும் பொங்கலுக்குப் பிறகு சூளைக்குப் போகும் குடும்பங்களின் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஊரிலேயே நிறுத்த விரும்புகிறேன். படுக்கப் பாட்டி வீடு இருக்கிறது. இரவுச் சாப்பாடுதான் இல்லை. மூன்று மாதம், ஒரு வேளை. இரண்டு பிள்ளைகளுக்கு என் வீட்டில் சொல்லிவிட்டேன். மற்ற பெயர்களை அலுவலக அறையில் உள்ள நோட்டில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு வரி காலியாக விட்டிருக்கிறேன்.

செயலாளர்