மாத்திரை தரும்போது ஒரு நாற்காலியையும் போடச் சொல்லுங்கள்

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு,

வணக்கம். என் அம்மாவுக்கு வயது 71. முன்பெல்லாம் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரைக்காக அரை நாள் வரிசையில் நிற்பார். 2021 ஆகஸ்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வந்த பிறகு மாத்திரை வீடு தேடி வருகிறது. அதற்கு மனமார்ந்த நன்றி.

போன வருடம் அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. வழுக்கவில்லை. ஸ்டூலிலிருந்து எழும்போது தொடை தாங்காமல் அப்படியே சரிந்துவிட்டார். தினமும் முக்கால் மணி நேரம் நடப்பவர், சர்க்கரையும் கட்டுக்குள்தான் இருந்தது. ஆனால் அதற்கு இரண்டு வருடம் முன்பே பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் போடுவதை விட்டுவிட்டு, தலையில் குட்டிக்கொள்வதோடு நிறுத்திக்கொண்டார். வயசாச்சு என்று நாங்களும் விட்டுவிட்டோம். அது தசை கரைவதன் அறிகுறி என்று எங்களுக்குத் தெரியவில்லை.

முப்பதைத் தாண்டியதுமே தசை மெல்லக் குறையத் தொடங்குகிறது. அறுபதுக்கு மேல் அது வேகமெடுக்கிறது. நடை இதயத்துக்கு நல்லதுதான். தொடைக்கும் இடுப்புக்கும் வலு ஏற அது மட்டும் போதாது, தசை ஏதாவது பாரத்தை எதிர்த்து வேலை செய்ய வேண்டும். சாப்பிட்டதும் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை இழுத்துக்கொள்வதும் தசைதான். அதனால் சர்க்கரை நோயாளிக்குத் தசை குறைந்தால் இரட்டை நஷ்டம். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதலும் நடையோடு வாரம் இரண்டு நாளாவது தசைப் பயிற்சி வேண்டும் என்கிறது. 65 வயதைக் கடந்தவர்களுக்கு வலுவும் சமநிலையும் சேர்ந்த பயிற்சியை மூன்று நாள் சொல்கிறது.

இந்த வயதில் இனி என்ன என்று கேட்பவர்கள் உண்டு. 1990-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. முதியோர் இல்லத்தில் இருந்த, சராசரியாக 90 வயதான பத்துப் பேருக்கு எட்டு வாரம் காலுக்கு எடைப் பயிற்சி கொடுத்தார்கள். முடித்தவர்களின் கால் வலு சராசரியாக இரு மடங்குக்கும் மேல் கூடியிருந்தது. எங்கள் வீட்டிலேயே பார்த்தேன். அறுவை சிகிச்சைக்குப் பிறகு நாற்காலியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மூன்று முறை எழுவதற்குள் அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. ஐந்து மாதத்தில் கை ஊன்றாமல் பத்து முறை எழுந்தார். இப்போது நடுவில் நிற்காமல் மாடி ஏறுகிறார்.

வீட்டுக்கு வரும் தன்னார்வலர், கைகளை மார்பில் கட்டிக்கொண்டு 30 நொடியில் எத்தனை முறை நாற்காலியிலிருந்து எழ முடிகிறது என்று எண்ணி, சர்க்கரை அளவுக்குப் பக்கத்தில் எழுதட்டும். தடுமாறுகிறவர்களை, இந்தத் திட்டத்திலேயே இருக்கும் இயன்முறை மருத்துவரிடம் அனுப்பட்டும். அப்புறம், 2023 நவம்பரில் தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ பாதைகளில் வாரம் ஒரு நாளாவது, மணல் நிரப்பிய பாட்டிலும் சுவரும் வைத்துச் செய்யும் தசைப் பயிற்சியைக் கற்றுக்கொடுங்கள்.

இதற்குப் புதிய கட்டடம் வேண்டாம். தன்னார்வலர்களுக்கு ஒரு நாள் பயிற்சியும், நோயாளியின் அட்டையில் இன்னொரு கட்டமும் போதும்.

இப்படிக்கு,
ஒரு மகள், திருச்சி