சரசுவுக்கு: லீசு வீடு வேண்டாம்

கணபதி,
கோயமுத்தூர்.

அன்புள்ள சரசு,

நீ அனுப்பின சேதி கெடைச்சுது. பாப்பாவுக்குச் சரவணம்பட்டியில வேலை அமைஞ்சதுல எங்கூட்டுல எல்லாருக்கும் சந்தோசம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்குது. பையன் பரீச்சை முடிச்சுட்டான். மத்ததெல்லாம் நேர்ல பேசிக்கலாம்.

சேதியோட கடைசியில போற போக்குல ஒண்ணு எழுதியிருக்கிற பாரு, மாசாமாசம் 12,000 வாடகை கட்டுறதுக்குப் பதிலா எட்டு லட்சத்தை லீசுக்குக் குடுத்துட்டா, மூணு வருசம் கழிச்சு முழுசாத் திரும்பி வந்துரும்னு. அந்த ஒரு வரிக்குத்தான் இத்தனை பக்கமும். போன்ல சொன்னா நீ "சரி, சரி"ம்பே. அண்ணன்கிட்டச் சொல்றப்போ பாதி விட்டுப்போகும். ரெண்டு பேரும் உக்காந்து படிங்க.

முதல்ல உன் கணக்கையே எடுத்துக்குவோம். கணக்கு டீச்சர் உன்னைப் பெஞ்சு மேல நிக்க வெச்சதுல தப்பே இல்லை புள்ள. எட்டு லட்சத்தை 7 சதவீத வட்டிக்கு வங்கியில போட்டா வருசத்துக்கு 56,000, மாசத்துக்கு 4,667 வரும். அதை விட்டுட்டு 12,000 ரூபாய் வீட்டுல குடியிருக்கிறதால மாசம் ஏழாயிரத்துக்கு மேல மிச்சம்னு பாக்குற. அது சரிதான், ஆனா பாதிக் கணக்கு. இதையே வீட்டுக்காரர் பக்கத்துல நின்னு பாரு. வருசத்துக்கு 1,44,000 வாடகையை விட்டுக்குடுத்து எட்டு லட்சம் வாங்குறாரு. அப்படின்னா 18 சதவீத வட்டிக்குக் கடன் வாங்குறாருன்னு அர்த்தம். சொந்த வீட்டுப் பத்திரம் கையில இருக்கிறவருக்கு வங்கி இதைவிட நல்லாக் கொறஞ்ச வட்டிக்குக் கடன் குடுக்கும். அவரு ஏன் அங்க போகலை? ஒண்ணு, வீடு ஏற்கெனவே வங்கியில அடமானத்துல இருக்கோணும். இல்லைன்னா வங்கியே குடுக்காத நெலமையில அவரு இருக்கோணும். லீசு விடறவங்க எல்லாரும் ஏமாத்துறவங்கன்னு நான் சொல்லலை. நேர்மையான ஆளுககூட அந்தப் பணத்தைப் புள்ளை கல்யாணத்துலயோ தொழில்லயோ போட்டுருவாங்க. மூணு வருசம் கழிச்சு உனக்குத் திருப்பித் தரோணும்னா, அடுத்த லீசுக்காரர் வந்து பணம் குடுக்கோணும். அவரு வர்ற வரைக்கும் நீ வீட்டையும் விட முடியாது, பணத்தையும் வாங்க முடியாது.

இதைவிட மோசமா ஒண்ணு நடக்கும். வீட்டு மேல கடன் இருந்து தவணை நின்னுபோச்சுன்னா, 2002-ஆம் வருச சர்ஃபாசிங்கிற வங்கிக் கடன் வசூல் சட்டப்படி வங்கி 60 நாள் நோட்டீஸ் குடுத்துட்டு, கோர்ட்டுல வழக்குப் போடாமலே வீட்டைக் கையகப்படுத்தி ஏலத்துக்குக் கொண்டுவரலாம். அடமானம் வெச்சதுக்கு அப்புறம், வங்கியோட சம்மதம் இல்லாம போட்ட லீசு அவங்களைக் கட்டுப்படுத்தாது. உன் எட்டு லட்சத்துக்கு நீ வீட்டுக்காரர் மேல தனியா வழக்குப் போட்டு அலையோணும். அவருகிட்ட இருந்த ஒரே சொத்து அந்த வீடுதான், அதுவும் ஏலத்துல போயிருக்கும்.

புரோக்கர் உன்கிட்ட "நோட்டரி கையெழுத்தோட அக்ரிமெண்ட் போட்டுத் தர்றோம்"னு சொல்லியிருப்பாரு. நோட்டரி வேற, சார்பதிவாளர் ஆபீசுல பதியறது வேற. வீட்டைச் சுவாதீனத்துல வாங்கிக்கிட்டுப் பணம் குடுக்கிற போக்கியத்தைப் பதிஞ்சே ஆகோணும். ஒரு வருசத்துக்கு மேற்பட்ட குத்தகைக்கும் பதிவு வேணும். பதியாத தாளை வெச்சு மூணு வருச உரிமை பேச முடியாது. முத்திரைத் தீர்வைக்கும் பதிவுக் கட்டணத்துக்கும் பயந்துதான் ரெண்டு பக்கமும் நோட்டரியோட நிறுத்திக்கிறாங்க. பதியலாம்னு நீ கேட்டுப் பாரு. வீட்டுக்காரர் மொகம் மாறுச்சுன்னா, பேச்சை அதோட முடிச்சுக்க.

இத்தனையும் சொன்னதுக்கப்புறமும் அண்ணன் லீசுதான்னு நின்னாருன்னா, பணம் நகர்றதுக்கு முன்னால ரெண்டு வேலை செய். முதல் வேலை வில்லங்கச் சான்று, அந்தச் சொத்து மேல பதிஞ்ச விற்பனை, அடமானம் எல்லாத்தையும் காட்டுற தாள். பதிவுத்துறை இணையதளத்துல காசில்லாமலே பாக்கலாம். மண்டலம், மாவட்டம், சார்பதிவாளர் ஆபீசு, கிராமம், சர்வே நம்பர், உட்பிரிவு, இத்தனையும் வேணும். 30 வருசத்துக்குப் பாரு. "உரிமை ஆவணங்கள் ஒப்படைப்பு"ன்னு ஒரு பதிவு வந்து, அதுக்கப்புறம் அதை ரத்து பண்ணின ரசீதுப் பதிவு வரலைன்னா, பத்திரம் இன்னும் வங்கியிலதான் இருக்குது. ஆனா வில்லங்கத்துல வர்றது பதிஞ்சது மட்டுந்தான். பதியாத கைக்கடன், பதியாத இன்னொரு லீசு எதுவும் அதுல தெரியாது. அதனால ரெண்டாவது வேலை, அசல் மூலப்பத்திரத்தைக் கண்ணால பாக்கோணும். ஜெராக்ஸ் காட்டி "அசல் லாக்கர்ல இருக்குது"ன்னா, லாக்கரைத் திறந்து எடுத்துட்டு வரச் சொல்லு. பணம் குடுக்கிறதா இருந்தா வங்கி வழியாத்தான். 20,000 ரூபாயோ அதுக்கு மேலயோ ரொக்கமா டெபாசிட் வாங்குறதுக்கு வருமான வரிச் சட்டமும் எடம் குடுக்கலை.

ஆனா என் பேச்சைக் கேட்டா லீசு வேண்டாம். எட்டு லட்சத்தை ரெண்டு வங்கியில பாதிப்பாதியா வைப்புல போடு. ஒரு வங்கியில ஒருத்தருக்கு 5 லட்சம் வரைக்குந்தான் காப்பீடு, அதுக்காகத்தான் பிரிக்கச் சொல்றேன். வர்ற வட்டி 4,667-ஐ வாடகையில சேத்துக்க. மீதி ஏழாயிரத்துச் சில்லறையைப் பாப்பா சம்பளத்துல கட்டட்டும். போட்ட முதல் பாதுகாப்பா இருக்குது, புடிக்கலைன்னா மூணு மாசத்துல வேற வீடு பாத்துக்கலாம். அந்தச் சுதந்திரத்துக்கு மாசம் ஏழாயிரம் எச்சே இல்லை.

வாடகைன்னு வந்துட்டா அட்வான்சுதான் முதல் சண்டை. 2017-ல இயற்றி 2019 பிப்ரவரியில அமலுக்கு வந்த நம்ம மாநில வாடகைச் சட்டம், குடியிருக்கிற வீட்டுக்கு மூணு மாச வாடகைதான் அட்வான்சுன்னு சொல்லுது. ரெண்டு பேரும் வேற மாதிரி ஒத்துக்கிட்டா செல்லும்னு ஒரு வாசலையும் விட்டு வெச்சிருக்குது. அந்த வாசல் வழியாத்தான் இங்க அஞ்சு மாசம், பத்து மாசம்னு கேக்குறாங்க. நீ சட்டத்தைச் சொல்லி அதட்ட வேண்டாம், அஞ்சுல நிக்கப் பாரு. ஒப்பந்தத்தை எழுத்துல போட்டு வாடகை ஆணையத்துல பதியோணும், இணையத்துலயே பண்ணலாம். காலி பண்றப்போ பெயிண்டுக்குன்னு எவ்வளவு புடிப்பாங்கன்னு அதுலயே எழுதிரு. சாவி வாங்குற அன்னிக்கே செவுரு, குழாய், கதவு எல்லாத்தையும் போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு வாட்சப்ல அனுப்பிரு.

அடுத்தது கரண்டு. உன் பங்குக்குத் தனி இணைப்பு இருக்குதான்னு பாரு. ஒரே மீட்டர்ல நாலு பங்கு வெச்சு, சப்மீட்டர் மாட்டி யூனிட்டுக்கு 9 ரூபாய்னு வசூல் பண்றவங்க இங்க நெறைய. ரெண்டு மாசத்துக்கு 300 யூனிட் ஓடுதுன்னு வெச்சுக்க. தனி இணைப்புன்னா முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த நூறு பாதி வெலைக்குப் பக்கம். மொத்தம் ஆயிரத்தைக்கூடத் தொடாது. சப்மீட்டர்ல அதுவே 2,700. வாடகையில ஆயிரம் கொறைச்சாங்கன்னு சந்தோசப்பட்டவங்க இதுல அந்தப் பணத்தைத் திருப்பிக் குடுக்கறாங்க. தனி மீட்டர் இருந்தாலும் ரெண்டு மாசக் கணக்கு 500-ஐத் தாண்டாம பாத்துக்க. தாண்டிட்டா ரெண்டாவது நூறுக்குக் கெடைக்கிற சலுகையும் போயிரும்.

இனித் தண்ணி. சரசு, இதுல மட்டும் நீ யாரு சொல்றதையும் நம்பாதே, நேர்ல வந்து பாரு. நகரத்தோட மேக்குப் பக்கத்துக்குப் பெரும்பாலும் சிறுவாணி அணைத் தண்ணி, கிழக்கயும் வடக்கயும் பில்லூர் அணைத் தண்ணி. நல்ல தண்ணி தெனமும் வராது. எத்தனை நாளைக்கு ஒருக்கா வருதுன்னு வீட்டுக்காரரைக் கேக்காதே, எதுத்த வீட்டுப் பொம்பளையக் கேளு. குழாய் வீட்டுக்குள்ள வருதா, கேட்டுக்கு வெளிய வருதா, ராத்திரி வந்தா மோட்டாரை யாரு போடறது, நல்ல தண்ணிக்கும் உப்புத் தண்ணிக்கும் தனித்தனித் தொட்டியான்னு கேளு. குடிக்க, சமைக்க ஒரு ஆளுக்குத் தெனம் 12 லிட்டர் போதும். நீயும் பாப்பாவும்னா 25 லிட்டர். பத்து நாளைக்கு ஒருக்கா வந்தாலும் 300 லிட்டர் தொட்டி ஒண்ணு இருந்தாச் சமாளிச்சுக்கலாம். குளிக்க, தொவைக்க போர்த் தண்ணிதான். அது எப்படின்னு தெரிஞ்சுக்க பாத்ரூம் குழாயைப் பாரு. வாயில வெள்ளையாப் பொருக்குக் கட்டியிருந்தா கடுமையான உப்பு. சோப்பு நுரைக்காது, கீசர் கம்பியில காரை ஏறிச் சீக்கிரம் எரிஞ்சுபோகும், வாசிங் மெசின் பழுதாகும். அந்தத் தண்ணியில துவரம்பருப்பு வேகவே வேகாது. அரிசிம்பருப்புச் சோறு ஆக்கினா பருப்பு தனியா நிக்கும். ஆர்.ஓ. மெசின் போட்டாத் தீரும்னு சொல்லுவாங்க. ஒரு லிட்டர் குடிக்கிறதுக்கு அதைவிட எச்சாத் தண்ணி கழிவாப் போகும், அதை வீடு கழுவப் பிடிச்சு வெச்சுக்கோணும்.

ஆனா சிறுவாணி வர்ற தெருவுல வீடு அமைஞ்சுட்டா நீ குடுத்து வெச்சவ. காட்டுக்குள்ள இருந்து வர்ற தண்ணி, அத்தனை மென்மை. காப்பி வேற ருசி, பருப்பு ரெண்டே விசில்ல கரையும். ஏறக்குறைய ஒரு நூத்தாண்டுக்கு முந்தி இதை ஊருக்குக் கொண்டுவர முன்னால நின்னவரு இரத்தினசபாபதி முதலியார். ஆர்.எஸ்.புரம்னு நாம சொல்றமே, அது அவரு பேருதான். அணை இருக்கிறது கேரளத்துல. கோடையில அணையில மட்டம் எறங்குனா இங்க முறைத்தண்ணி நாளு தள்ளிப்போகும். ஒவ்வொரு மழைக்கும் சிறுவாணி எத்தனை அடின்னு பேப்பர்ல தேடிப் பாக்குற ஊரு இது. சரவணம்பட்டிப் பக்கத்துல சிறுவாணியை எதிர்பாக்காதே. அங்க பில்லூர்தான், அதுவும் குடிக்க நல்லாத்தான் இருக்கும்.

எங்க வீடு பாக்குறதுங்கிற பேச்சுக்கு வர்றேன். அவினாசி ரோட்டுல 10 கிலோமீட்டர் மேம்பாலம் 2025 அக்டோபர்ல தொறந்துட்டாங்க, பீளமேடு போறவங்களுக்கு நிம்மதி. பாப்பா போகோணுங்கிறது சத்தி ரோடு, அதுக்கு அந்தப் பாலம் ஒதவாது. ஞாயித்துக்கெழமை வீடு பாத்துட்டு "பத்து நிமிசந்தான்"னு போயிராதே. வேலை நாள்ல காலையில எட்டரைக்கு வந்து சரவணம்பட்டியில நின்னு பாரு. கணபதியில இருந்து போனா கூட்டத்தோட கூட்டமாப் போகோணும். கோயில்பாளையம் பக்கம் குடியிருந்தா எதிர்த்திசையில வரலாம், வாடகையும் எறங்கும். ஆனா ராத்திரி சிப்டுன்னா கம்பெனி வண்டி அந்தத் தூரத்துக்கு வருமான்னு பாப்பாவை முதல்ல கேக்கச் சொல்லு. சாதாரண டவுன் பஸ்சுல பொம்பளைகளுக்கு 2021-ல இருந்து டிக்கெட் இல்லை. ரெண்டு பேருக்கும் மாசச் செலவுல அது பெரிய மிச்சம்.

நான் பயமுறுத்துறேன்னு நெனைக்காதே. நீ இங்க வந்தா எனக்கு எத்தனை சந்தோசம்னு உனக்கே தெரியும். ஆர்.எஸ்.புரம் உழவர் சந்தைக்கு விடியக்காலம் போனா நம்ம தோட்டத்துக் காய் மாதிரியே பனியோட கெடைக்கும். சிங்காநல்லூர் சாந்தி சோசியல் சர்வீசுல சுத்தமான சாப்பாடும், கொறஞ்ச வெலையில மருந்தும் இருக்குது. உங்கத்தைக்கு மாசாமாசம் வாங்குற மாத்திரையை அங்க வாங்கிப் பாரு, வித்தியாசம் தெரியும். காந்திபுரத்துல ஜெயில் எடத்துல 45 ஏக்கர்ல செம்மொழிப் பூங்கா 2025 நவம்பர்ல தொறந்தாங்க. வாலாங்குளத்துக் கரையில பொழுதோட நடக்கலாம். ஆனி, ஆடியில பாலக்காட்டுக் கணவாய்க் காத்து சாரலோட வர்றப்போ ஃபேனே வேண்டியதில்லை. தாராபுரத்து வெயில்ல கெடந்தவளுக்கு அது ஒண்ணே போதும்.

தறிக்காரர் மகன் புரோக்கர் வேலை பாக்குறான்னு கேள்விப்பட்டேன். அவன் காட்டின வீடா இது? அப்படின்னா இன்னொரு தடவை யோசி, மேல நான் எழுத மாட்டேன்.

அந்த வீட்டோட சர்வே நம்பரும், சார்பதிவாளர் ஆபீசு பேரும் வாங்கி எனக்கு அனுப்பு. வில்லங்கம் நானே பாத்துச் சொல்றேன். டோக்கன் அட்வான்சுன்னு அஞ்சாயிரம் கேட்டாலும் குடுக்க வேண்டாம்னு அண்ணன்கிட்ட இன்னிக்கே சொல்லிரு. வீடு பாக்க வர்ற நாளைச் சொன்னா, கூட நானும் வர்றேன். சாப்பாடு எங்கூட்டுலதான்.

அன்புடன்,
வள்ளி