அம்மாவிடம் கேட்டாயா?

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் போன வாரமே கிடைத்தது. வெளிநாட்டு வேலையை ஏற்பதா, அம்மாவோடு இருந்துவிடுவதா, இதில் கர்த்தருடைய சித்தம் எது என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டிருந்தாய். அந்தக் கேள்வியோடு மூன்று நாள் இருந்தேன். அதனால்தான் தாமதம்.

இங்கே எல்லோரும் சுகம். பெரியவள் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். என் முழங்கால் வலியும் குறைந்திருக்கிறது.

அப்பாவுக்கு அறுவை சிகிச்சை செய்வதா வேண்டாமா என்று நான் தவித்த நாட்கள் உனக்கு நினைவிருக்கும். அப்போது உன்னிடம் சொல்லாத ஒன்று உண்டு. அந்த வாரம் ஒவ்வொரு இரவும் கண்ணை மூடி வேதாகமத்தைத் திறந்து விரல் வைப்பேன். வந்த வசனம் மனதுக்கு ஒத்துவராவிட்டால் மறுபடியும் திறப்பேன். நான்காவது இரவில்தான் உறைத்தது. நான் ஆண்டவரிடம் வழி கேட்கவே இல்லை. என் விருப்பத்துக்கு அவருடைய கையெழுத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அன்று, "எந்தப் பக்கம் போனாலும் நீர் கூட இரும்" என்று மட்டும் ஜெபித்துவிட்டுத் தூங்கினேன். மறுநாள் டாக்டரிடம் கேட்கப் பயந்திருந்த கேள்விகளைக் கேட்டேன். பிறகு அப்பாவிடம் போனேன். அதுவரை நாங்கள் யாருமே அவரைக் கேட்கவில்லை. வேண்டாம் என்றார். எட்டு மாதம் எங்களோடு வீட்டில் இருந்தார். அது சரியான முடிவு என்று எனக்கு யாரும் உறுதி சொல்லவில்லை. ஆனால் நான் தனியாக எடுத்த முடிவு என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

வேதாகமத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் 16-ஆம் அதிகாரத்தை மெதுவாக வாசித்துப் பார். ஊர் ஊராகப் போய் இயேசுவைப் பற்றிச் சொல்லிவந்த பவுல், அன்று ஆசியா என்று அழைக்கப்பட்ட ரோம மாகாணத்தில் வசனத்தைச் சொல்ல நினைக்கிறார், ஆவியானவர் தடுக்கிறார். பக்கத்து நாடான பித்தினியாவுக்குப் போகப் பார்க்கிறார், அங்கேயும் தடை. துரோவா என்ற துறைமுக ஊர்வரை வந்த பிறகுதான் மக்கெதோனியா மனிதன் தரிசனத்தில் அழைக்கிறான். பவுலுக்கே இரண்டு முறை 'வேண்டாம்' கிடைத்த பிறகுதான் 'வா' கிடைத்தது. அதுவும் நடந்துகொண்டிருந்தவருக்கு. இதற்குப் பின் வருவதைத்தான் நாம் அதிகம் பேசுவதில்லை. அவ்வளவு தெளிவான அழைப்பைப் பெற்றுப் போன மக்கெதோனியாவில், பிலிப்பி பட்டணத்தில் அவருக்குக் கிடைத்தது அடியும் சிறையும். கால்களைத் தொழுமரத்தில், அதாவது கைதிகளின் கால்களைப் பூட்டும் கட்டையில், மாட்டினார்கள். "கஷ்டம் வந்தால் அது அவருடைய சித்தமில்லை என்றுதானே அர்த்தம்?" என்று எழுதியிருக்கிறாயே, அப்படியானால் பவுல் தவறான ஊருக்குப் போனார் என்றல்லவா ஆகிவிடும்? அந்தச் சிறையில்தான் சிறைச்சாலைக்காரன் வீட்டாரோடு விசுவாசத்துக்கு வந்தான்.

நண்பா, உன் கடிதத்தை மறுபடியும் எடுத்துப் படித்தேன். அம்மாவின் மருந்து, தனிமை, வயது எல்லாம் எழுதியிருக்கிறாய். அம்மா என்ன சொன்னார் என்று ஒரு வார்த்தைகூட இல்லை. இன்னும் கேட்கவில்லையா? அடையாளத்துக்காகக் காத்திருப்பதற்கு முன் அவர் பக்கத்தில் போய் உட்கார். பதிலை நீயே ஊகித்துக்கொள்ளாமல் அவர் பேசி முடிக்கும்வரை கேள்.

வேலைக்குப் பதில் சொல்ல இன்னும் பத்து நாள் இருக்கிறது என்றாய். அதுவரை தினமும் அதிகாலை ஜெபத்தில் உன்னையும் அம்மாவையும் சேர்த்தே நினைப்பேன். அம்மா சொன்னதை அப்படியே எனக்கு எழுது.

அன்புடன்,
உன் பழைய நண்பன்