அழற்படு காதை: செல்வத்திற்கு ஒரு கடிதம்

அன்புள்ள செல்வம்,

இங்கு அனைவரும் நலம். பதில் எழுதத் தாமதித்ததற்கான வசவுகளை நேரில் வாங்கிக்கொள்கிறேன். சிலப்பதிகாரத்தில் மதுரை எரிவதைச் சொல்லும் அழற்படு காதையை மறுபடி படித்ததிலிருந்து மனம் ஒரு நிலையில் இல்லை. அதைச் சொல்லலாம் என்றால், நீயோ கண்ணகி கட்சியிலிருந்து இம்மியும் நகராதவன்.

பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழவி ஆகியோரைத் தீண்டாமல் விட்டுத் தீத்திறத்தார் (தீயவர்) பக்கமே சேர்க என்று அவள் தீக்கடவுளுக்கு ஆணையிட்டதைச் சொல்லித்தானே புலவர் ஐயாவின் வாயை அடைப்பாய்? அந்த ஆணைக்குப் பின் மதுரை எப்படி இருந்தது என்று பார். கூல மறுகும் (தானியக் கடைத் தெருவும்) தேர் வீதியும், மகாபாரதத்தில் காண்டவ வனம் எரிந்த நாள்போலக் கலங்குகின்றன. பசுவும் கன்றும் ஆயர் தெருவை அடைந்துவிடுகின்றன. யானையும் குதிரையும் மதிலுக்கு வெளியே போய்விடுகின்றன. ஆனால் பஞ்சணையில் தூங்கும் மழலை மாறாப் பிள்ளைகளை எழுப்பி, நரைத்த கூந்தல் மூதாட்டியரோடு வெளியேறும் தாய்மாருக்கு வீடு மிஞ்சியதா? பாண்டியன் தவறாகத் தீர்ப்பளித்தான், சரி. கூலம் விற்றவன் என்ன செய்தான்? உ.வே.சா. 1892இல் பதிப்பித்த இந்தக் காப்பியத்தை வைத்து மேடைதோறும் நீதி பேசுகிறோம். இந்தத் தாய்மாரைப் பேசுவது அரிது.

என்னை உலுக்கியவை அடுத்த வரிகள். விருந்தோம்பி இல்லறம் காத்த பெருமனைக் கிழத்தியர், தம் ஊர் எரியும்போதே மகிழ்ந்து, சிலம்பால் வென்றவளின் பூசல் ‘கொடிதோ அன்று’, அதாவது கொடியதல்ல, எனத் தீயைத் தொழுகிறார்கள். ஓடும் பெண்களையும் தொழும் பெண்களையும் இளங்கோவடிகள் அடுத்தடுத்து நிறுத்திவிட்டு, தம் தீர்ப்பு எதையும் சொல்லாமல் நகர்ந்துவிடுகிறார். முடிவில், மனைவிளக்கு ஏற்றுவதும் முரசொலியும் ஓய்ந்த நகரில் கண்ணகி கொல்லன் உலையில் காற்று ஊதும் உலைத்துருத்திபோல் பெருமூச்செறிந்து தெருத்தெருவாக அலைகிறாள். பொற்கொல்லனின் பொய்யால் கணவனை இழந்தவளுக்கு உலைத்துருத்தியை உவமையாக்கிய கை எப்பேர்ப்பட்ட கை, செல்வம்!

ஆடி மாதத் தேய்பிறை அட்டமியில், வெள்ளிக்கிழமையன்று மதுரை எரியும் என்ற பழைய வாக்கை மதுரையின் காவல் தெய்வமான மதுராபதி, அடுத்து வரும் கட்டுரை காதையில் சொல்கிறதே, எல்லாம் ஊழ்வினை என்பாய். ஊழ்தான் எரித்தது என்றால் இன்னாரை விடு, இன்னாரைச் சேர் என்று கண்ணகி பிரித்துச் சொல்லியிருக்க வேண்டியதில்லையே! கூல மறுகில் இருந்தவர்களைத் தீத்திறத்தார் என்று எதை வைத்துச் சொல்வாய்? அடுத்த கடிதத்தில் இதற்கு மட்டும் பதில் எழுது. ஐயாவையும் கேட்டுவிட்டு எழுது.

அன்புடன்,
மாணிக்கம்