கருவின் வயிற்றில் நீர்க்கட்டி: அரைகுறை அறிக்கை போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கர்ப்பகால ஸ்கேன் அறிக்கையில் ‘கருவின் வயிற்றில் நீர்க்கட்டி’ என்று ஒரு வரி இருந்துவிட்டால், அன்றிரவே அந்தக் குடும்பம் இணையத்தைத் துழாவி, புற்றுநோய்வரை போய்விடுகிறது. ஸ்கேன் அறையில் பல ஆண்டுகளாகப் பணியாற்றும் மருத்துவர் என்ற முறையில், இந்தப் பீதிக்கு எங்கள் துறையினர் எழுதும் அரைகுறை அறிக்கைகளே பெரும்பாலும் காரணம் என்று கருதுகிறேன்.

இரத்தக் குழாய்களை விட்டுவிட்டால், கருவின் வயிற்றுக்குள் நீர் நிறைந்து கறுப்பாகத் தெரிய வேண்டியவை இரைப்பை, பித்தப்பை, சிறுநீர்ப்பை ஆகிய மூன்றுதான். நான்காவதாக ஒன்று தெரிந்தால், அது எந்த உறுப்பைச் சேர்ந்தது என்பதே முதல் கேள்வி. இதில் அவசரம் உதவாது. சிறுநீர்ப்பை ஏறக்குறைய அரை மணி நேரத்தில் நிறைந்து காலியாகிவிடும் என்பதால், சற்றுப் பொறுத்து மறுபடி பார்த்தாலே சில ‘கட்டிகள்’ காணாமல் போய்விடும்; வேறு சில, இரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் கலர் டாப்ளரில் பார்த்ததும் தொப்புள் சிரையின் வீக்கம் என்று தெரியவரும்.

பெண் கருவில், கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில், அடிவயிற்றில் ஒரு பக்கமாகத் தெரியும் மெல்லிய சுவருள்ள கட்டி பெரும்பாலும் சினைப்பையில் உண்டானதாகவே இருக்கும். அதன் உட்சுவரை ஒட்டி இன்னொரு குட்டிக் கட்டி மணிபோல் தெரிந்தால் சந்தேகம் ஏறக்குறைய தீர்ந்தது. தாயிடமிருந்தும் நஞ்சுக்கொடியிலிருந்தும் வரும் ஹார்மோன்களின் தூண்டுதலால் வருவது இது. பிறந்தபின் அந்தத் தூண்டுதல் நின்றுவிடுவதால், சில மாதங்களில் பெரும்பாலும் தானே சுருங்கிவிடும். 4 அல்லது 5 சென்டிமீட்டரைத் தாண்டியவை முறுக்கிக்கொள்ளக்கூடும் என்பதால் அவற்றின் மீது கூடுதல் கண் தேவை. குடலின் ஒரு பகுதி இரட்டையாக உருவாவதால் குடலை ஒட்டி வரும் ‘இரட்டிப்புக் கட்டி’யின் சுவரோ இரண்டு அடுக்காகத் தெரியும். பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தால் சில நேரம் அது குடலைப்போலவே நெளிவதையும் காணலாம்.

எனக்கு உண்மையில் கவலை தருவது, வலப்பக்கம் கல்லீரலுக்கு அடியில், பித்தநீரைக் குடலுக்குக் கொண்டுசெல்லும் பித்தநாளத்தை ஒட்டித் தெரியும் கட்டி. அது பித்தநாளம் பலூன்போல் விரிந்ததாக இருக்கலாம். பித்தநாளமே அடைபட்டுப்போன நோயின் அடையாளமாகவும் இருக்கலாம். கருவிலேயே இவ்விரண்டையும் உறுதியாகப் பிரித்தறிவது கடினம். கட்டி சிறியது, வளரவில்லை என்பது இங்கே ஆறுதல் அல்ல. அடைப்பு இருக்குமானால் பித்தநீர் வடிவதற்காகக் குடலைக் கல்லீரலோடு இணைக்கும் ‘காசாய்’ அறுவை சிகிச்சையைக் குழந்தை பிறந்து 60 நாட்களுக்குள் செய்வதே நல்ல பலன் தருகிறது. ‘தானாகச் சரியாகிவிடும்’ என்று எல்லாக் கட்டிகளுக்கும் சேர்த்து ஒரே ஆறுதலைச் சொல்லி அனுப்புவது, வீண் பீதியைக் கிளப்புவதைவிடப் பெரிய தீங்கு.

ஆகவே, கட்டியின் மூன்று அளவுகள், இருக்கும் பக்கம், சுவரின் தன்மை, உள்ளே தெளிந்த நீரா கலங்கலா, அருகிலுள்ள உறுப்புகளோடு தொடர்பு உண்டா, அடுத்த ஸ்கேன் எப்போது என்பவை அறிக்கையில் இடம்பெற வேண்டும். எந்த உறுப்பு என்று சொல்ல முடியாவிட்டால் அதையும் ஒளிக்காமல் எழுதலாம். அதில் கௌரவக் குறைவு ஏதுமில்லை. பிரசவத்துக்கு முன்பே பெற்றோர் குழந்தைகள் அறுவை சிகிச்சை நிபுணரை ஒருமுறை சந்தித்துப் பேசுவது பெரிதும் உதவும். கட்டி இருக்கிறது என்பதற்காக மட்டும் பெரும்பாலும் சிசேரியன் தேவைப்படுவதில்லை என்பதையும் அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. பிரசவம் முடிந்ததும் இந்த அறிக்கை தாயின் கோப்பிலேயே தங்கிவிடுகிறது. குழந்தையைப் பார்ப்பவரோ வேறொரு மருத்துவர். நன்றாகப் பால் குடித்துத் தூங்கும் குழந்தையைக் கண்டு அவர் எதையும் சந்தேகிக்கப் போவதில்லை. கருவில் கட்டி தெரிந்த விவரமும், பிறந்தபின் எப்போது ஸ்கேன் எடுக்க வேண்டும் என்பதும் குழந்தையின் டிஸ்சார்ஜ் குறிப்பிலேயே எழுதப்பட வேண்டும். அத்துடன், இரண்டு வாரத்துக்குப் பிறகும் மஞ்சள் காமாலை நீடித்தாலோ, எந்த நாளிலாயினும் மலம் வெளிறிப் போனாலோ, உடனே குழந்தையை அழைத்து வந்து பித்த அடைப்பு உண்டா என்று அறிய உதவும் ‘நேரடி பிலிருபின்’ இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளும்படி பெற்றோரிடம் எழுத்தில் கொடுத்தனுப்புமாறு மகப்பேறு மருத்துவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஸ்கேன் மருத்துவர் ஒருவர்