பிஎச்பி 7.4.30க்கு எப்போது விடிவு? ஹோஸ்டிங் நிறுவனத்தாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தொழில்நுட்பப் பிரிவுத் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. படித்தால் உங்களுக்கே தெரிந்துவிடும். நான் போட்ட மூன்று டிக்கெட்டுக்கும் (புகார் மனுக்களுக்கும்) ஒரே பதிலை வெட்டி ஒட்டி அனுப்பிய இடம் உங்களுடையதுதான். தளங்களை இயக்கும் மொழியான பிஎச்பியின் பதிப்பில் பாதுகாப்புத் திருத்தம் ஏறியதா என்று நான் கேட்டதும், "உங்கள் கோரிக்கை உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது" என்று நீங்கள் சொன்னதும் அந்த டிக்கெட்டுகளிலேயே இருக்கின்றன. அதனால் பழைய கதையை விரிக்கப் போவதில்லை. போன மாதம் நடந்ததிலிருந்து தொடங்குகிறேன்.

என் வாடிக்கையாளர் ஒருவரின் தளத்துக்குத் தேடுபொறி வழியாக வந்தவர்கள் எல்லாம் ஒரு சூதாட்டத் தளத்தில் போய் விழுந்தார்கள். முகவரியை நேராகத் தட்டினால் தளம் ஒழுங்காகவே திறக்கும். அதனால் உரிமையாளருக்கு இரண்டு நாள் எதுவும் தெரியவில்லை. புகார் சொன்னவர்களிடம், "எனக்குச் சரியாகத்தானே வருகிறது, உங்கள் போனில்தான் கோளாறு" என்று வாதாடியிருக்கிறார், பாவம். நான் உள்ளே போய்ப் பார்த்தபோது, படங்கள் ஏற்றும் ஃபோல்டரில் படமே அல்லாத ஒரு கோப்பு உட்கார்ந்திருந்தது.

அது எப்படி வந்தது? என் நிரலில் ஓட்டையா, தளத்தில் சேர்த்த துணை நிரலான ஏதாவது பிளக்இன்னிலா, அடியில் ஓடும் பிஎச்பியிலா? யார் எப்போது வந்து எதைத் திறந்தார்கள் என்று சர்வர் குறித்து வைக்கும் அக்சஸ் லாக்கைப் பார்த்தால் துப்புக் கிடைக்கும். உங்கள் சர்வரிலோ அது ஒரு நாளைக்கு மேல் தங்குவதில்லை. இதற்கென்று தனியாக ஒரு டிக்கெட் போட்டேன். "உங்கள் டெவலப்பரைத் தொடர்பு கொள்ளவும்" என்று பதில் வந்தது. ஐயா, அந்த டெவலப்பர் நான்தான். டிக்கெட்டை மூடி ஒரு மணி நேரம் ஆகவில்லை, "பாதுகாப்பு பேக்கேஜ்" வாங்கச் சொல்லி உங்கள் விற்பனைப் பிரிவிலிருந்து மெயில் வந்துவிட்டது. அந்தப் பிரிவு மட்டும் என்ன வேகம்!

ஓட்டை பிஎச்பியில்தான் என்று நான் சாதிக்கவில்லை. ஆனால் அங்கே இல்லை என்று உங்களாலும் சொல்ல முடியாது. ஏனென்றால் உங்கள் சர்வரில் ஓடுவது 7.4.30.

அது 2022 ஜூனில் வந்தது. அப்புறம் அதே 7.4 வரிசையில் பாதுகாப்புத் திருத்தங்களோடு 7.4.32 வந்தது. நவம்பர் 3 அன்று கடைசியாக 7.4.33 வந்து, எஸ்எச்ஏ-3 ஹாஷ் (தரவுக்குக் கைரேகை போன்ற குறியீடு) கணக்கிடும் பகுதியில் இருந்த பஃபர் ஓவர்ஃப்ளோவை, அதாவது ஒதுக்கிய நினைவிடத்தைத் தாண்டி எழுதவிடும் ஓட்டையை, அடைத்தது. நவம்பர் 28ஆம் தேதியோடு அந்த வரிசைக்கு ஆயுள் முடிந்தது. முடிந்துபோன பதிப்பைக் கட்டிக்கொண்டு இருப்பது ஒரு பக்கம் இருக்கட்டும். அது உயிரோடு இருந்தபோது வந்த கடைசி மருந்தைக்கூட நீங்கள் கொடுக்கவில்லையே.

பதிப்பு எண்ணை மாற்றாமல் திருத்தத்தை மட்டும் பழைய பதிப்புக்குள் சேர்க்கும் வழக்கம் ரெட் ஹேட் போன்ற லினக்ஸ் வினியோகங்களில் உண்டு. அது எனக்கும் தெரியும். நீங்களும் அப்படித்தான் செய்கிறீர்கள் என்றால் மகிழ்ச்சி. எந்த வினியோகம், கடைசித் திருத்தம் எந்தத் தேதியில் ஏறியது என்று ஒரே வரியில் எழுதுங்கள். மூன்று டிக்கெட்டிலும் நான் கேட்டது அந்த ஒரு வரியைத்தான்.

பதிப்பை ஏற்றினால் வாடிக்கையாளர்களின் பழைய நிரல் உடையும் என்று உங்கள் ஆதரவுப் பிரிவில் ஒருவர் போனில் சொன்னார். உண்மைதான், உடையும். 8.0இல் பழைய ஃபங்ஷன்கள் சில போய்விட்டன. அவை பரவாயில்லை, உடனே பிழைச்செய்தி வரும், கண்டுபிடித்துவிடலாம். சத்தமில்லாமல் உடைவதுதான் பயம். என் ஆர்டர் படிவம் ஒன்றில், எண்ணிக்கை பூஜ்யமாக இருந்தால் திருப்பி அனுப்ப ஒரு வரி எழுதியிருந்தேன். அந்தக் கட்டத்தை நிரப்பாமலே விட்டாலும் 7.4இல் அந்த வரி தடுத்துவிடும். வெற்றுச் சரமும் (எழுத்தே இல்லாத மதிப்பும்) பூஜ்யமும் அங்கே சமம். 8.0இலிருந்து சமம் இல்லை. படிவம் பாட்டுக்கு உள்ளே போய்விடும், ஒரு எச்சரிக்கையும் வராது. இப்படிப்பட்ட வரிகளைத் தேடி, மூன்று வாரம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து, என் பொறுப்பில் உள்ள பதினொரு தளங்களையும் 8.3க்குத் தயார் பண்ணினேன். யாரும் அதற்குக் கூலி தரவில்லை. வெளியே தெரிகிற வேலையும் இல்லை அது.

எல்லாம் முடித்துவிட்டு உங்கள் கன்ட்ரோல் பேனலில் பதிப்பு மாற்றும் இடத்துக்குப் போனேன். பட்டியலில் 5.6, 7.2, 7.4. அவ்வளவுதான். 5.6 காலாவதியானது 2018 டிசம்பரில். மேலே ஏறப் படி இல்லை, கீழே இறங்க மட்டும் இரண்டு படி வைத்திருக்கிறீர்கள்.

அந்த மொழியைச் செய்பவர்களைப் பாருங்கள். ஒவ்வொரு வரிசைக்கும் இரண்டு வருடம் பிழைத்திருத்தம், அப்புறம் இரண்டு வருடம் பாதுகாப்புத் திருத்தம் மட்டும் என்று நாளை முன்கூட்டியே குறித்து வைத்திருக்கிறார்கள். 2021 மார்ச்சில் மூலநிரலை வைத்திருக்கும் அவர்களுடைய கிட் சர்வரிலேயே யாரோ புகுந்து, மொழியை உருவாக்கிய ராஸ்மஸ் லெர்டார்ஃபின் பெயரிலேயே விஷ நிரலைச் சேர்த்தார்கள். விரைவிலேயே கண்டுபிடித்து நீக்கினார்கள். நடந்ததை மறைக்காமல் ஊருக்கே சொன்னார்கள். 2024 ஜூனில், விண்டோஸில் சிஜிஐ முறையில் (வெப்சர்வர் பிஎச்பியைத் தனி நிரலாக அழைக்கும் முறை) பிஎச்பி ஓட்டுபவர்களைத் தாக்கும் ஓட்டை வெளியானபோது 8.1, 8.2, 8.3 மூன்றுக்கும் ஒரே நேரத்தில் திருத்தம் வந்தது. ஓரிரு நாளிலேயே தாக்குதலும் தொடங்கிவிட்டது. பழைய வரிசைகளுக்குத் திருத்தமே வரவில்லை. அதில் நாம் தப்பியது உங்கள் சர்வரில் லினக்ஸ் இருப்பதால்தான், நீங்கள் இருப்பதால் அல்ல. சும்மா கொடுப்பவர்கள் இவ்வளவு செய்கிறார்கள். காசு வாங்குகிற நீங்கள் அதை எடுத்து வைக்க வேண்டிய இடத்தில் வைத்தால் போதும். உங்கள் முகப்புப் பக்கத்தில் தகதகக்கும் அந்தப் பச்சைப் பூட்டை வரைந்தவருக்குக் கொடுத்த நேரத்தில் பாதி போதுமே இதற்கு! கதவே இல்லாத வீட்டுக்கு எதற்கு ஐயா பூட்டு?

சரி, கோபத்தில் நீண்டுவிட்டது. மன்னிக்கவும். கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன்.

8.3 அல்லது அதற்கு மேற்பட்ட, ஆயுள் உள்ள ஒரு பதிப்பை எந்தத் தேதியில் தரப் போகிறீர்கள் என்று தயவுசெய்து எழுத்தில் சொல்லுங்கள். இனி ஒரு பாதுகாப்புத் திருத்தம் வந்தால் எத்தனை நாளுக்குள் சர்வரில் ஏற்றுவீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 7.4ஐ உடனே எடுத்துவிடச் சொல்லவில்லை. தயாராகாதவர்களுக்கு ஆறு மாதம் அவகாசம் கொடுங்கள், கூடவே எச்சரிக்கையும் அனுப்புங்கள். லாக்கை முப்பது நாள் வைத்திருந்தால் என்னைப் போன்றவர்கள் உங்களைச் சந்தேகப்பட வேண்டிய அவசியமும் குறையும். இவை எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் செய்ய முடியாவிட்டாலும், அந்த முதல் தேதியை மட்டுமாவது சொல்லிவிடுங்கள்.

இந்த மடலை உரிய பிரிவுக்கு அனுப்பிவிட வேண்டாம். நான் விசாரித்தவரை, அந்த உரிய பிரிவு நீங்கள்தான்.

இப்படிக்கு,
தொடர்பு கொள்ளச் சொன்னீர்களே, அந்த டெவலப்பர்