பெட்டிக்குள் ஏன் துண்டு துண்டாக இருக்கிறது? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம்.

“அண்ணா, அட்டையில ஒரு படம் போட்டிருக்கு. உள்ள பார்த்தா எல்லாம் துண்டு துண்டா கிடக்கு. மாத்தித் தருவீங்களா?”

முதல் மினியேச்சர் பெட்டி (மேசை விளையாட்டுக்கான குட்டி பொம்மை வீரர்கள்) வாங்கிப் போனவர்கள் பலர் மறுநாளே இப்படிக் கேட்கிறார்கள். சிலர் பெட்டியைக் கையோடு கொண்டுவந்தும் விடுகிறார்கள். கல்லாவில் நின்றபடி இரண்டு வார்த்தையில் சொல்லி முடிகிற விஷயமில்லை, அதனால் எழுதியே தந்துவிடலாம் என்று இந்த மடல். இனிமேல் விற்கிற ஒவ்வொரு பெட்டியோடும் இதன் ஒரு படி வரும்.

உங்கள் பெட்டி உடைந்து வரவில்லை. மேசைப் போர்விளையாட்டுக்கான பிளாஸ்டிக் வீரர்கள் பெரும்பாலும் இப்படித்தான் வருவார்கள். வெட்டுவது, சீவுவது, ஒட்டுவது, வண்ணம் பூசுவது எல்லாம் வாங்கியவர் வேலை. அட்டையில் இருப்பது, யாரோ கைதேர்ந்தவர் அந்த வேலையெல்லாம் முடித்த பிறகு எடுத்த படம்.

ஏன் முழுசாகச் செய்து அனுப்பக் கூடாது என்று கேட்பீர்கள். பதில் அச்சில் இருக்கிறது. அச்சு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துவிட்டால் எங்கே வெட்ட வேண்டும், எங்கே சீவ வேண்டும், எங்கே இடைவெளி விழும் என்பதெல்லாம் உங்களுக்கே புரிந்துவிடும். அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறோம்.

சூட்டில் உருகிய பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை மிகுந்த அழுத்தத்தோடு எஃகு அச்சுக்குள் செலுத்துகிறார்கள். பிளாஸ்டிக் வாய்க்கால் வாய்க்காலாக ஓடி, தலை, கை, கால், வாள் என்று ஒவ்வொரு குழியையும் நிரப்புகிறது. ஆறியதும் உறுப்புகளோடு அந்த வாய்க்கால்களும் சேர்ந்து இறுகிவிடும். உறுப்புகளைச் சுற்றி நிற்கிற சட்டம் அதுதான், பழகியவர்கள் ஸ்ப்ரூ என்பார்கள். அச்சுக்கு இரண்டு பாதி. கொழுக்கட்டை அச்சை மூடித் திறந்தால் விளிம்பில் ஒரு மெல்லிய கோடு விழுமே, அதே கோடு இங்கேயும் விழும். ஒவ்வொரு கையிலும் காலிலும் தலைக்கவசத்தின் நடு உச்சியிலும் அது ஓடுவதைப் பார்க்கலாம். அதற்கு அச்சுக்கோடு என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

இப்போது ஒரு வீரன் கேடயத்தை மார்புக்கு முன்னால் பிடித்திருக்கிறான் என்று வையுங்கள். கேடயத்துக்கும் மார்புக்கும் நடுவில் காலி இடம் வேண்டுமானால் அங்கே எஃகு நுழைந்திருக்க வேண்டும். நுழைந்துவிட்டால் அச்சைத் திறக்கும்போது கேடயம் மாட்டிக்கொள்ளும். எஃகு வளையாது, அச்சு நேராகத்தான் திறக்கும். ஆகவே கேடயம் தனி, கை தனி, தலை தனி. தோளில் புரளும் போர்வையும் பல நேரம் தனியாகவே வரும்.

உலோக பொம்மைகளுக்கு இந்தக் கட்டாயம் குறைவு. அவற்றை ரப்பர் அச்சில் ஊற்றிச் சுழற்றி வார்க்கிறார்கள். ரப்பர் வளைந்து கொடுக்கும், சிக்கலான உருவத்தையும் வெளியே எடுத்துவிடலாம். ஆனால் ரப்பர் அச்சு சீக்கிரம் தேய்ந்து போகும். எஃகு அச்சு வெட்டப் பெரும் பணம் ஆகும், பிறகு அது வருடக்கணக்காக உழைக்கும். படை வீரர்கள் பிளாஸ்டிக்கிலும், எண்ணிக்கையில் குறைவாக விற்கிற சில தலைவர்கள் உலோகத்திலோ ரெசினிலோ (ஊற்றி இறுக வைக்கும் பிசின்) வருவதற்கு இந்தக் கணக்குதான் காரணம். இந்தத் தொழிலின் தலைநகரம் என்று சொல்லத்தக்க ஊர் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம். வார்ஹாமர் என்ற போர்விளையாட்டை வெளியிடும் கேம்ஸ் வொர்க்‌ஷாப் அங்கேதான் இருக்கிறது. மான்டிக், வார்லார்ட் போன்ற நிறுவனங்களும் அதே ஊர்தான். 1983இல் வார்ஹாமர் வந்தபோது வீரர்கள் பெரும்பாலும் ஈயம் கலந்த உலோகத்தில்தான் இருந்தார்கள். பிளாஸ்டிக் படிப்படியாகத்தான் அந்த இடத்தைப் பிடித்தது.

சரி, வேலைக்கு வருவோம். ஃப்ராஸ்ட்கிரேவ் என்ற விளையாட்டின் வீரர்கள் பெட்டியை எடுத்துக்கொள்கிறோம், எங்கள் கடையில் முதல்முறை வாங்குகிறவர்களுக்கு நாங்கள் எடுத்துக் கொடுப்பது அதைத்தான். பெட்டியில் 20 பேருக்கான உறுப்புகள் உண்டு, ஒரு சட்டத்துக்கு 5 உடல். விளையாட்டில் ஒரு மந்திரவாதி, அவன் சீடன், கூலிக்கு வந்த 8 பேர் என்று 10 உருவம் போதும் என்பதால் ஒரே பெட்டியில் இரண்டு கூட்டம் தேறும். உடல்களைவிடத் தலைகளும் கைகளும் ஆயுதங்களும் அதிகமாக இருக்கும். எந்தத் தலையையும் எந்த உடலிலும் வைக்கலாம். “ஒட்டி முடிச்சதும் ஒரு கை நிறைய மிச்சம் இருக்கு, எதையோ விட்டுட்டேன் போல” என்று பதற வேண்டாம். மிச்சம் இருக்கத்தான் வேண்டும். ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள், அடுத்த பெட்டிக்கு ஆகும்.

இப்போதைய வார்ஹாமர் பெட்டிகள் வேறு மாதிரி. அங்கே ஒவ்வொரு துண்டுக்கும் எண் உண்டு. வெட்டு எங்கெங்கோ விழும், பாதிப் போர்வையோடு ஒரு தோள் சேர்ந்து வரும். அதில் குறிப்புத்தாளை வரிசைப்படி பின்பற்றுங்கள், சொந்த மூளை வேண்டாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் வெட்டிக் குவித்துவிட்டு, எது எந்த எண் என்று தேடுவதைப் போலத் தலைவலி வேறில்லை. ஒரு வீரனுக்கு வேண்டியதை மட்டும் வெட்டுங்கள்.

வெட்டுவதற்கு நிப்பர். மின்வேலை செய்கிறவர்களின் சைடு கட்டர் கிடைத்தால் அதுவும் ஓடும், ஆனால் தடித்த வாய் உள்ளது மெல்லிய ஈட்டியை நசுக்கிவிடும். நிப்பரின் தட்டையான பக்கம் உறுப்பைப் பார்த்து இருக்கட்டும். உறுப்பை ஒட்டி ஒரேயடியாக வெட்டாமல், முதலில் சற்றுத் தள்ளி வெட்டி எடுத்துவிட்டு, மிச்சமிருக்கும் குச்சியை அப்புறம் ஒட்ட வெட்டுங்கள். ஒரே வெட்டில் எடுத்தால் பிளாஸ்டிக் வெளுத்துப் போய் ஒரு பள்ளமும் விழும்.

அடுத்தது அச்சுக்கோடு. இதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். வெறும் பிளாஸ்டிக்கில் அவ்வளவாகக் கண்ணில் படாது, வண்ணம் பூசிய பிறகு முகத்தின் நடுவே பளிச்சென்று நிற்கும். கட்டர் பிளேடைக் கோட்டின்மேல் செங்குத்தாக நிறுத்தி, வெட்டாமல் சுரண்ட வேண்டும். பிளேடு அழுத்தம் இல்லாமல் ஓடினால் மயிரிழை போலப் பிளாஸ்டிக் சுருண்டு வரும். நகத்தை வைத்துத் தடவிப் பாருங்கள், தட்டவில்லை என்றால் போய்விட்டது என்று அர்த்தம். வளைந்த இடங்களில் 400, 600 எண் உப்புத்தாள் போதும். சங்கிலிக் கவசத்தின் மேல் மட்டும் உப்புத்தாள் போடாதீர்கள், வளையமெல்லாம் மழுங்கிவிடும்.

இப்போது பசை. இந்த மடலில் ஒரே ஒரு பத்தியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

ஃபெவிக்விக் வேண்டாம். அது ஒட்டாது என்று சொல்லவில்லை, நொடியில் ஒட்டும். ஆனால் அது இரண்டு துண்டுகளுக்கு நடுவே ஒரு மெல்லிய படலமாக நிற்கிறது. மேசையிலிருந்து வீரன் கீழே விழுந்தால் அந்தப் படலம் பட்டென்று விட்டுக்கொள்ளும். பிளாஸ்டிக் சிமென்ட் என்று விற்கிற பசை வேறு வகை. அதில் இருக்கும் கரைப்பான் இரண்டு பக்கத்துப் பிளாஸ்டிக்கையும் மேலோட்டமாகக் கரைக்கிறது. அழுத்திப் பிடித்தால் கரைந்த இரண்டும் கலந்து, கரைப்பான் ஆவியாகப் போனதும் ஒரே துண்டாக இறுகிவிடும். நடுவில் பசையே இருக்காது. மறுநாள் கையை முறுக்கினால் ஒட்டிய இடம் விடுவதற்கு முன்னால் கை வேறு இடத்தில் முறியும்.

டாமியா சிமென்டில் எங்களிடம் இரண்டு உண்டு. ஆரஞ்சு மூடி சற்றுக் கெட்டியானது. ஒரு பக்கம் தடவி, சில விநாடி விட்டு, சேர்த்து அழுத்த வேண்டும். பொருத்திய இடத்தில் கரைந்த பிளாஸ்டிக் ஒரு சிறு கரையாகப் பிதுங்கினால் துடைக்காதீர்கள், நல்லதுதான். காய்ந்தபின் பிளேடால் சுரண்டினால் இடைவெளியே தெரியாது. பச்சை மூடி தண்ணீர் மாதிரி இருக்கும். அதற்கு முதலில் துண்டுகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, தூரிகை நுனியைப் பொருத்துவாயில் தொட்டால் போதும், பசை தானே உள்ளே ஓடிவிடும். உங்கள் விரல் அந்தக் கோட்டின்மேல் இருந்தால் பசை விரலுக்கு அடியிலும் ஓடும். அப்போது விரலை எடுத்தால் வீரனின் முதுகில் உங்கள் கைரேகை அச்சாகப் பதிந்திருக்கும். கோட்டை விட்டுத் தள்ளிப் பிடியுங்கள். அரை நிமிடம் பிடித்தால் நிற்கும், முழுதாக இறுக ஒரு இரவு விடுங்கள்.

பிளாஸ்டிக் சிமென்ட் ரெசினிலும் உலோகத்திலும் வேலை செய்யாது. போர்டு கேம்களில் வருகிற மெத்தென்ற பிவிசி உருவங்களுக்கும் ஆகாது. அங்கெல்லாம் ஃபெவிக்விக் வகைதான். இன்னொன்று: விரலில் ஒட்டிய ஃபெவிக்விக்கை எடுக்க நெயில் பாலிஷ் ரிமூவர் உதவும் என்று தெரிந்தவர்கள் அதையே வீரன்மேலும் தேய்க்கிறார்கள். அசிட்டோன் உள்ள ரிமூவர் பாலிஸ்டைரீனைக் கரைத்துவிடும், முகம் இருந்த இடத்தில் முகம் இருக்காது.

பசை தொடுவதற்கு முன் எப்போதும் ஒரு முறை சும்மா பொருத்திப் பாருங்கள். சதுர அடித்தட்டில் வரிசையாக நிறுத்துகிற விளையாட்டு என்றால் இது கட்டாயம். தி ஓல்ட் வேர்ல்ட் என்ற வார்ஹாமர் விளையாட்டில் சாதாரண மனித வீரனுக்கு 25 மி.மீ. சதுரம், பக்கத்து வீரனும் அதே சதுரத்தில் இடிபடாமல் நிற்க வேண்டும். தனியாகப் பார்க்க அழகாக இருக்கும் என்று வாளைப் பக்கவாட்டில் நீட்டி ஒட்டினால், படை சேரும்போது அவன் கடைசி வரிசையின் ஓரத்துக்குத்தான் போவான். ஐந்து பேரை ஒட்டும் களிமண் உருண்டையில் நிறுத்தி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுக் கைகளை ஒட்டுங்கள். கிங்ஸ் ஆஃப் வார் ஆடுகிறவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. அதில் வீரர்களை ஒருவர் ஒருவராக எடுப்பதில்லை, படையே ஒரு அலகு, எல்லாரையும் ஒரே தட்டில் ஒட்டிவிடலாம்.

முழுதாக ஒட்டிவிட்டு வண்ணம் பூசுவதா, பிரித்து வைத்துப் பூசிவிட்டு ஒட்டுவதா? படை வீரன் என்றால் எல்லாவற்றையும் ஒட்டிவிடுங்கள் என்பதே எங்கள் கட்சி. கேடயத்துக்குப் பின்னால் இருக்கும் மார்பை யாரும் குனிந்து பார்க்கப் போவதில்லை. குதிரைமேல் இருக்கிற தலைவன், பெரிய டிராகன் என்றால் மட்டும் தனித்தனியாக வைத்துப் பூசுங்கள். அப்போது பொருத்தும் இடத்தில் வண்ணம் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், வண்ணத்தின் மேல் சிமென்ட் பிடிக்காது. பட்டுவிட்டால் சுரண்டி எடுத்துவிட்டு ஒட்டுங்கள்.

தோளில் இடைவெளி விழுந்தால் அதை அடைக்கிற புட்டி வாங்க ஓட வேண்டாம். வெட்டிய சட்டத்துண்டுகளைப் பொடியாக நறுக்கி, தீரப் போகிற சிமென்ட் பாட்டிலில் போட்டு ஒரு இரவு வையுங்கள். கூழாகிவிடும். அதைக் குச்சியால் தடவினால் அதே பிளாஸ்டிக்காக இறுகும். பெரிய பள்ளத்துக்கு எம்-சீல் நன்றாகவே உழைக்கிறது.

நம் சென்னைக் காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஃபெவிக்விக் வகைப் பசை காற்றில் உள்ள ஈரத்தை வைத்துத்தான் இறுகுகிறது. மழை மாதங்களில் அது வேகமாகப் பிடிப்பதோடு, சுற்றிலும் வெள்ளைப் பொடி படிய வைக்கும். ஸ்ப்ரே பிரைமரும் (வண்ணத்துக்கு முன் அடிக்கிற அடிப்பூச்சு) ஈரக்காற்றில் சொரசொரப்பாகப் போகலாம். ஐப்பசி, கார்த்திகையில் மழை விட்ட ஒரு நல்ல வெயில் நாளுக்குக் காத்திருங்கள், அல்லது தூரிகையால் பிரைமர் பூசுங்கள். சிமென்டுக்கு ஈரம் பொருட்டில்லை, ஆனால் அது எளிதில் தீப்பிடிக்கும், வாடையும் தலைசுற்ற வைக்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஊதுபத்தி, விளக்கு எதுவும் பக்கத்தில் வேண்டாம். குழந்தைகள் செய்வதாக இருந்தால் பிளேடும் பசையும் பெரியவர் கையில் இருக்கட்டும்.

வெளியூர்க்காரர்களுக்குச் சிமென்டையும் ஸ்ப்ரேயையும் நாங்கள் விமானக் கூரியரில் அனுப்பாததும் இதனால்தான். தீப்பற்றும் பொருளை வழக்கமான பார்சலில் அவர்கள் ஏற்க மாட்டார்கள். தரைவழியில் ஏற்கிறவர் இருந்தால் மட்டும் தனிப் பார்சலாக அனுப்புகிறோம். பெட்டி முன்னால் வந்து பசை பின்னால் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், அதற்குள் ஃபெவிக்விக்கை எடுத்துவிடாதீர்கள்.

கடைசியாக, எதை மாற்றித் தருவோம் என்பது. சட்டத்திலிருந்து எதையும் வெட்டுவதற்கு முன் ஒரு முறை சட்டங்களை எண்ணிப் பாருங்கள். சட்டம் குறைந்தாலும், பிளாஸ்டிக் குழியின் கடைசிவரை ஓடாமல் வாள் நுனியோ விரலோ அரைகுறையாக நின்றாலும் அது உற்பத்திக் குறை. பெட்டியோடு எடுத்து வாருங்கள், வேறு தருகிறோம். வெளியூர் என்றால் சட்டத்தோடு சேர்த்துப் படம் எடுத்து அனுப்பினால் போதும். சற்று வளைந்து வந்த ஈட்டி குறையில் சேராது. நல்ல சுடுநீரில் சில விநாடி முக்கி, நிமிர்த்தி, உடனே குளிர்ந்த நீரில் விட்டால் நேராகிவிடும். வெட்டிய பெட்டியைத் திரும்ப எடுக்க வழியில்லை.

முதல் வீரனை ஒட்டத் தயக்கமாக இருந்தால் பெட்டியைக் கடைக்கே கொண்டுவாருங்கள். நிப்பரும் பிளேடும் பசையும் எங்களுடையது, காசு வேண்டாம். சனிக்கிழமை மட்டும் கூட்டம் அதிகம், வார நாளில் மாலை நேரம் வந்தால் உட்கார்ந்து நிதானமாகக் காட்ட முடியும்.

அன்புடன்,
கடையிலிருந்து
சென்னை